எண்ணிக்கை இல்லாத வேலை ஒன்று வேண்டும்!

 

போன முறை இந்தச் சுவர் இதழில் மழைநீர் சேமிப்பு பற்றி எழுதினாங்க. அதுக்கு முன்னாடி செல்போன் நல்லதா கெட்டதா என்று எழுதினாங்க. இந்த முறை நான் எழுதப்போவது ஒட்டுப்படம் பற்றி. "இதெல்லாம் ஒரு தலைப்பா?" என்று சிரிக்காதீங்க. முழுசா படிச்சுட்டு அப்புறம் சிரிங்க.

ஒட்டுப்படம் என்றால் வேறொன்றும் இல்லை. பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை, தையல் கடையில் விழும் துணி வெட்டு, தீப்பெட்டி, சாக்லேட் தாள், உடைந்த வளையல், நூல், வேர்க்கடலைத் தோல், புளியங்கொட்டை, நம்ம ஊர்ப் பக்கம் என்றால் தோல் துண்டு, இப்படிக் கிடைப்பதை எல்லாம் வெட்டி, கிழித்து, அட்டையில் ஒட்டி ஒரு படமாகச் செய்வது. மேலே கொஞ்சம் கலரும் அடிக்கலாம். பேனாவால் கோடும் போடலாம். இதைத்தான் பெரிய ஓவியர்கள் கொலாஜ் என்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் 'ஒட்டுவது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பேர்.

இதைச் செய்கிறவர்களிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி இரண்டுதான். ஒன்று: "இதனால மார்க் வருமா?" இரண்டு: "இதனால காசு வருமா?"

இரண்டும் வராது. வராததால்தான் அது நமக்கு வேண்டும் என்பது என் கருத்து. எப்படி என்று சொல்கிறேன்.

நம்ம வீட்டில் எல்லாமே எண்ணிக்கைதான்

நம்ம ராணிப்பேட்டை மாவட்டத்திலும் பக்கத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டிலும் தோலும் ஷூவும்தான் பல வீட்டுக்குச் சோறு போடுது. காலையில் இருட்டோடு கம்பெனி வண்டி வரும். அம்மாக்கள், அக்காக்கள் டிபன் பாக்ஸோடு ஏறுவாங்க. அங்கே ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஜோடி என்று கணக்கு. ஷூவின் மேல்பாகத்துக்கு 'அப்பர்' என்று பேர். அதை வீட்டுக்கே கொண்டுவந்து கையால் தைக்கிறவங்களும் இருக்காங்க. அவங்களுக்கும் ஜோடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வேலூர், குடியாத்தம் பக்கம் பீடி சுத்துறவங்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை பக்கம் போனால் தறிச் சத்தம். அங்கேயும் எத்தனை நெய்தாய் என்றுதான் கேள்வி.

இதில் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த எண்ணிக்கையில்தான் நம்ம நோட்டும் பேனாவும் வருது. ஆனால் ஒன்றை யோசிச்சுப் பாருங்க. நம்ம அம்மாக்களின் கை காலையிலிருந்து ராத்திரி வரை ஓடுது. எண்ணாமல் ஒரு வேலையாவது அந்தக் கை செய்யுதா? வாசலில் போடுகிற கோலம் ஒன்றைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கோலத்தில் புள்ளியை எண்ணுவாங்களே தவிர, கோலத்தை யாரும் எண்ண மாட்டாங்க. அதுக்குக் கூலியும் கிடையாது. ஆனாலும் கோலம் போட்டு முடிச்சு நிமிரும்போது முகம் வேற மாதிரி இருக்கும்.

நமக்கும் அதே கதைதான். ஸ்லிப் டெஸ்ட், யூனிட் டெஸ்ட், காலாண்டு, அரையாண்டு. அடுத்த வருஷம் பத்தாவது பொதுத்தேர்வு. எந்த நோட்டைத் திறந்தாலும் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு நம்பர் இருக்கு. விளையாட்டில்கூட முதல் பரிசு, இரண்டாம் பரிசு. நம்பர் இல்லாத இடம் ஒன்று வேண்டாமா? அந்த இடம்தான் ஒட்டுப்படம்.

இது வெளிநாட்டுச் சரக்கு இல்லை

"வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். தேர் வரும்போது அண்ணாந்து பார்த்திருப்பீங்க. தேரைச் சுற்றி உருண்டையாக, நீளமாகத் தொங்குமே, அதுக்குத் தொம்பை என்று பேர். சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளைத் துணிகளை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைத்தது. துணியில் செய்த ஒட்டுப்படம் என்றே அதைச் சொல்லலாம்.

தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கங்க. அது வெறும் பெயிண்ட் இல்லை. பலகையில் துணியை ஒட்டி, அதன் மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்து மேடு எழுப்பி, கண்ணாடிக் கல் பதித்து, தங்க ரேக் ஒட்டி, அப்புறம்தான் வண்ணம். பலகை, துணி, பொடி, கல், தங்கம், வண்ணம் என்று ஒரே படத்தில் எத்தனை பொருள்! 2007-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ரவிவர்மாவின் அச்சுப் படங்கள் 1894-க்குப் பிறகு ஊர் ஊராகப் போனபோது, லட்சுமி படத்துக்கும் சரஸ்வதி படத்துக்கும் சரிகையும் துணியும் ஜிகினாவும் ஒட்டிப் புடவை கட்டிவிட்டிருக்காங்க. அதைச் செய்தவங்க பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆசைக்குச் செய்தாங்க, அவ்வளவுதான்.

வெளிநாட்டில் 1912-ஆம் ஆண்டு பிகாசோ என்ற ஓவியர் பிரம்பு நாற்காலி மாதிரி அச்சடித்த எண்ணெய்த்துணியை ஒரு படத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக வைத்தார். பிராக் என்பவர் அதே வருஷம் தாளை வெட்டி ஒட்டினார். அதிலிருந்துதான் பெரிய பெரிய ஓவியர்கள் இதைக் கையில் எடுத்தாங்க. நம்ம தொம்பைக்காரர் அதைப் பார்த்தால் ஆச்சரியப்பட மாட்டார்.

மனசு லேசாகுமா? உண்மையா?

ஆகும் என்று நான் மட்டும் சொன்னால் நம்ப மாட்டீங்க. அமெரிக்காவில் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு சோதனை செய்து 2016-இல் வெளியிட்டாங்க. 39 பெரியவர்களை உட்கார வைத்து, களிமண், ஸ்கெட்ச் பேனா, ஒட்டுப்படத்துக்கான தாள்கள் எல்லாம் கொடுத்து, 45 நிமிஷம் பிடித்ததைச் செய்யச் சொன்னாங்க. முன்னும் பின்னும் எச்சிலை எடுத்து, அதில் கார்ட்டிசால் எவ்வளவு என்று பார்த்தாங்க. கார்ட்டிசால் என்பது மன அழுத்தம் வரும்போது உடம்பில் ஏறும் ஒரு ஹார்மோன். சுமார் நூற்றுக்கு 75 பேருக்கு அது குறைந்திருந்தது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. ஏற்கெனவே படம் வரையத் தெரிந்தவங்களுக்கும் தெரியாதவங்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லையாம்!

நியாயமாகச் சொல்லணும். 39 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதில் நம்ம வயசுக்காரங்களும் இல்லை. மீதிப் பேருக்குக் குறையவும் இல்லை. அதனால் இது எல்லாருக்கும் மருந்து என்று சொல்ல மாட்டேன். உண்மையிலேயே மனசு சரியில்லாதவங்க வீட்டில் பெரியவங்ககிட்டயோ, டீச்சர்கிட்டயோ, டாக்டர்கிட்டயோதான் சொல்லணும். பசை டப்பாவிடம் சொன்னால் போதாது. ஆனால் பரிட்சைப் பயம், தோழிகூட சண்டை, காரணமே தெரியாத எரிச்சல், இதுக்கெல்லாம் ஒட்டுப்படம் கைகொடுக்கும்.

ஏன் என்று நான் யோசித்துப் பார்த்தேன். படம் வரைய உட்கார்ந்தால் வெள்ளைத் தாள் நம்மைப் பயமுறுத்தும். மூக்கு கோணல், கை குட்டை என்று நாமே நமக்கு மார்க் போட்டுக்குவோம். ஒட்டுப்படத்தில் அந்தப் பயம் இல்லை. நீலத் தாளைக் கிழிச்சா ஏரி. பிரவுன் துண்டை வெச்சா மலை. பிடிக்கலையா, நகர்த்தி வை. பசை போடுற வரைக்கும் எதுவும் தப்பே இல்லை. அப்புறம், கத்தரிக்கோல் கையில் இருக்கும்போது நாளைய பரிட்சையை நினைச்சா விரல் வெட்டிக்கும். அதனால் மனசு தானாகவே விரல் நுனிக்கு வந்துடும்.

"அதுக்குத்தான் செல்போன் இருக்கே" என்பீங்க. ரீல்ஸ் பார்த்தாலும் நேரம் போகும், ஒத்துக்கறேன். ஆனால் ஒரு மணி நேரம் ரீல்ஸ் பார்த்து முடிச்சதும் கையில் என்ன இருக்கு? கண் எரிச்சல்தான். ஒரு மணி நேரம் ஒட்டினா ஒரு அட்டை இருக்கு. அசிங்கமாகவே இருந்தாலும் அது நான் செஞ்ச அட்டை.

முடியாதவர்கள் என்று யாரும் இல்லை

மூணு பேரைப் பற்றிச் சொல்லணும்.

இங்கிலாந்தில் மேரி டெலானி என்று ஒரு பாட்டி. 1772-இல், தன் 72-ஆவது வயசில், வண்ணத் தாளை இதழ் இதழாக வெட்டி, கறுப்புத் தாளில் ஒட்டிப் பூக்கள் செய்ய ஆரம்பிச்சாங்க. கண் மங்கிப்போகும் வரை பத்து வருஷம் விடவே இல்லை. 900-க்கும் மேல் பூக்கள்! இன்றைக்கும் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கு.

பிரான்சில் மத்தீஸ் என்ற பெரிய ஓவியர். 1941-இல் வயிற்றில் பெரிய ஆபரேஷன். அதுக்கப்புறம் பெரும்பாலும் கட்டிலும் சக்கர நாற்காலியும்தான். நின்று வரைய முடியலை. வேற ஒருத்தர் தாளுக்கு வண்ணம் பூசிக்கொடுக்க, இவர் பெரிய கத்தரிக்கோலால் வெட்டி வெட்டிப் படம் செய்தார். 1947-இல் அதையெல்லாம் சேர்த்து ஜாஸ் என்று ஒரு புத்தகமே வந்தது. 1954-இல் இறக்கும் வரை கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

மூணாவது நம்ம இந்தியர். சாந்திநிகேதனைச் சேர்ந்த பினோத் பிஹாரி முகர்ஜி. பிறந்ததிலிருந்தே அவருக்குப் பார்வை குறைவு. 1950-களில் ஒரு கண் ஆபரேஷனுக்குப் பிறகு இருந்த பார்வையும் போய்விட்டது. ஓவியருக்குக் கண் போனால் எல்லாம் முடிஞ்சுது என்றுதான் நாம் நினைப்போம். அவர் தாளைத் தடவித் தடவி வெட்டி, ஒட்டுப்படம் செய்தார். அவரிடம் படித்த சத்யஜித் ராய் 1972-இல் அவரைப் பற்றி ஒரு படமே எடுத்தார். கண் தெரியாத ஒருத்தர் தாளும் கத்தரிக்கோலும் வைத்து இவ்வளவு செய்யும்போது, "எனக்கு வராது" என்று நாம் சொல்லலாமா?

எதிர்க்கருத்துக்கு என் பதில்

"படிப்பு கெடும்." வாரத்துக்கு ஒரு மணி நேரத்தில் கெடுகிற படிப்பு, மீதி நாளிலும் சரியாக இல்லை என்றுதான் அர்த்தம். ஒரு பள்ளியில் (எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன்) பரிட்சை வந்தால் முதலில் காணாமல் போவது ஓவியப் பீரியடும் கைத்தொழில் பீரியடும்தான். கணக்கு முக்கியம், இல்லை என்று சொல்லலை. ஆனால் தொடர்ந்து மூணு பீரியட் கணக்கு போட்டால் மூணாவது பீரியடில் கரும்பலகைதான் தெரியுது, கணக்கு தெரியலை.

"இதைச் செஞ்சு விற்கலாமே, வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாமே!" நல்ல எண்ணத்தில்தான் சொல்றாங்க. ஆனால் இதைக் கேட்டால்தான் எனக்குப் பயமா இருக்கு. விற்க ஆரம்பிச்ச உடனே ஒரு நாளைக்கு எத்தனை அட்டை என்று எண்ணிக்கை வந்துடும். நம்ம வீடுகளில் அப்படி எண்ணிக்கை பார்க்காத மூலை ஏற்கெனவே குறைவு. பெரியவளானப்புறம் ஒருத்தி இதையே தொழிலாகச் செய்தால் சந்தோஷம். பதினாலு வயசில் மட்டும் இது இப்படியே இருக்கட்டும்.

"பொம்பளைப் பிள்ளைங்க வேலை." அப்படியா? மேலே சொன்ன பிகாசோ, பிராக், மத்தீஸ், பினோத் பிஹாரி நாலு பேரும் ஆண்கள். தம்பிகளே, அண்ணன்களே, தாராளமாக வாங்க. இன்னொன்றும் சொல்லணும். ஞாயிற்றுக்கிழமை பையன்கள் ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடப் போவாங்க. எங்களில் பல பேர் வீட்டைத் தாண்ட முடியாது. "அதான் வீட்டிலேயே ஒட்டிக்கிட்டு இருக்கியே, அப்புறம் என்ன?" என்று யாரும் இதைச் சாக்காக வைக்கக் கூடாது. ஒட்டுப்படமும் வேணும், மைதானமும் வேணும்.

"வீடெல்லாம் குப்பை." இது மட்டும் நியாயமான புகார்! கீழே பழைய பேப்பர் விரிச்சுட்டு உட்காரணும். முடிஞ்சதும் பெருக்கணும். எங்க ஆயா போட்ட சட்டம் இது.

செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு

பசைக்குக் காசு வேண்டாம். இரண்டு ஸ்பூன் மைதா மாவைப் பச்சைத் தண்ணியில் கட்டியில்லாமல் கரைச்சு, சின்னத் தீயில் கிண்டிக்கிட்டே இருந்தால் கண்ணாடி மாதிரி மினுமினுப்பாக வரும். ஆறினதும் எடுத்துக்கங்க. இரண்டு நாளில் புளிச்சுடும், அதனால் கொஞ்சமாகச் செய்யுங்க. போஸ்டர் ஒட்டுறவங்க பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவாங்க. அது விஷம், நாம தொடவே வேண்டாம். துணிக்கும் தோலுக்கும் மட்டும் ஃபெவிகால் நல்லா பிடிக்கும்.

முதலில் எல்லாத் துண்டையும் ஒட்டாமல் அட்டையில் பரப்பிப் பாருங்க. பின்னால் இருப்பதை முதலில் ஒட்டணும்: வானம், அப்புறம் மலை, அப்புறம் வீடு, கடைசியில் ஆள். நம்ம பெரிய மலையைச் செய்கிறவங்க 1305 படியையும் ஒட்ட வேண்டாம்! தீக்குச்சியை வரிசையாக ஒட்டினாலே படி மாதிரி இருக்கும். 2024-இல் வந்த ரோப் காருக்கு ஒரு கறுப்பு நூலும் தீப்பெட்டித் துண்டும் போதும். முடிஞ்சதும் மேலே பழைய நோட்டுகளை அடுக்கி வைங்க, அட்டை வளையாது.

தோல் துண்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. வழவழப்பான பக்கத்தில் பசை சரியாகப் பிடிக்காது. சொரசொரப்பான பக்கத்தில் நல்லா பிடிக்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் மண் நிறத்தில் இருக்கும், மலைக்கும் மரத்துக்கும் அதுதான் பொருத்தம். குரோம் போட்டுப் பதனிட்டது சாயம் ஏற்றும் முன் நீலம் பூத்து இருக்கும். தொழிற்சாலை வாசலில் கிடக்கும் ஈரக் கழிவைத் தொடாதீங்க. ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சிய சுத்தமான துண்டு மட்டும் போதும். முடிஞ்சதும் கை கழுவணும். மிச்சத்தை எரிக்கவே கூடாது. குரோம் தோலை எரித்தால் அதிலுள்ள குரோமியம் கெட்ட வகையாக மாறலாம். குரோமியக் கழிவு மண்ணையும் தண்ணியையும் என்ன செய்யும் என்று ராணிப்பேட்டைக்காரங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

மூன்று வேண்டுகோள்

தலைமை ஆசிரியர் ஐயாவுக்கும் ஆசிரியர்களுக்கும் பணிவாக மூன்று வேண்டுகோள்.

1. வாரத்தில் ஒரு ஓவியப் பீரியடையாவது பரிட்சை மாதத்திலும் எடுத்துக்கொள்ளாமல் விட்டு வையுங்கள்.

2. வராண்டாவில் ஒரு பழைய அட்டைப் பெட்டி வைக்க அனுமதி தாருங்கள். காலண்டர், பத்திரிகை, துணி, நூல் என்று வீட்டில் தூக்கிப் போடுவதை அவரவர் கொண்டுவந்து போடட்டும். கத்தரிக்கோல் வாங்க முடியாதவங்க கையாலேயே கிழிக்கலாம். கிழித்த ஓரம் இன்னும் அழகு.

3. இது ரொம்ப முக்கியம். தயவுசெய்து இதற்குப் போட்டி வைக்காதீர்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். மார்க் வேண்டாம். கைத்தட்டல்கூட வேண்டாம். செய்தவங்க விரும்பினால் இந்தச் சுவரில் ஒட்டட்டும். விரும்பாதவங்க வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். கிழித்துப் போட்டாலும் போடட்டும்.

தோழிகளே, உங்களுக்கு ஒரு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்க அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைங்க. கம்பெனியில் நாள் முழுக்கத் தோலை அளவு பார்த்து வெட்டுற கை அது. வீட்டில் அதே தோலை அளவு பார்க்காமல், இஷ்டத்துக்கு வெட்டச் சொல்லுங்க. "எனக்கு எதுக்குடி இதெல்லாம்" என்றுதான் முதலில் சொல்வாங்க. பரவாயில்லை, கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துடுங்க.

எண்ணிப் பார்க்க எவ்வளவோ இருக்கு. எண்ணாமல் செய்ய ஒன்றாவது இருக்கட்டும்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
சோளிங்கர்.